ரொறன்ரோ வளவில் டியூலிப், டாஃபடில்: ஒக்டோபரிலேயே செய்ய வேண்டியவை

டியூலிப் கிழங்குக்குக் குளிர் பகையல்ல. மத்திய ஆசியாவின் தியென்ஷான், பாமிர் மலைச்சரிவுகளில் வளர்ந்த இனம் அது. அங்கே குளிர்காலம் உறையும், வசந்தத்தில் பனி உருகி ஈரம் கிடைக்கும், கோடை காய்ந்து வெடிக்கும். ஏறத்தாழ 9 பாகை செல்சியசுக்குக் கீழே 12 முதல் 16 வாரம் கிடந்தால்தான் தண்டு நீண்டு, பூ ஒழுங்காக மேலே வரும். 1945இல் நெதர்லாந்து இளவரசி யூலியானா 1,00,000 கிழங்குகளை அனுப்பிய ஒட்டாவாவில் ரொறன்ரோவைவிடக் குளிர் கடுமை. அங்கும் மே மாதத்தில் டியூலிப் பூத்துக் குலுங்குகிறது. நம் வளவுகளில் கிழங்கைக் கெடுப்பவை வேறு மூன்று: தேங்கும் தண்ணீர், அணில், அவசரப்பட்டு இலையை வெட்டும் கை.

நடும் காலம் ஒக்டோபர் நடுவிலிருந்து நவம்பர் தொடக்கம் வரை. மண்ணின் சூடு 13 பாகைக்குக் கீழே இறங்கியிருக்க வேண்டும். செப்டெம்பர் வெயிலில் நட்ட டியூலிப் சூடான மண்ணில் பூஞ்சை பிடிக்கும், அல்லது முளையை முன்கூட்டியே நீட்டிவிடும். அதற்காக மண் உறையும்வரை தள்ளிப்போடவும் கூடாது. வேர்விட நான்கைந்து வாரமாவது வேண்டும். டாஃபடிலுக்கு இன்னும் கொஞ்சம் கூடுதல் நேரம் தேவை, அதை முதலில் நடுங்கள். வாங்கிய கிழங்கு நவம்பர் கடைசிவரை கராஜில் கிடந்துவிட்டதா? மண்வெட்டி இறங்கும்வரை நடலாம். வசந்தத்துக்கு என்று எடுத்து வைப்பதில்தான் பயனில்லை, அதற்குள் வற்றிப்போகும்.

வாங்கும்போது கையால் அமுக்கிப் பாருங்கள். கனமாக, இறுக்கமாக இருக்க வேண்டும். டியூலிப் என்றால் சுற்றளவு 12 செ.மீ.க்குக் குறையாதது நல்லது. மேல்தோல் உரிந்திருந்தால் பரவாயில்லை. வேர் வரும் அடித்தட்டு மெத்தென்று அமுங்கினாலோ பச்சைப் பூஞ்சணம் உள்ளே இறங்கியிருந்தாலோ விட்டுவிடுங்கள். வீட்டுக்குக் கொண்டுவந்த பையைச் சமையலறையில் வைக்காதீர்கள். டாஃபடில் கிழங்கு பார்வைக்கு வெங்காயம் மாதிரி, ஆனால் நஞ்சு. பழங்களோடு குளிர்ப்பெட்டியில் வைப்பதும் பிழை. ஆப்பிள், வாழை, மாம்பழம் பழுக்கும்போது விடும் எத்திலீன் வாயு கிழங்குக்குள் இருக்கும் பூமொட்டைக் கருக்கிவிடும். வசந்தத்தில் இலை மட்டும் வரும்.

ஆழத்துக்கு ஒரு கணக்கு உண்டு: கிழங்கின் உயரத்தைப்போல மூன்று மடங்கு. டியூலிப்புக்கும் டாஃபடிலுக்கும் 15 முதல் 20 செ.மீ., குரோக்கஸ் என்ற சின்னக் கிழங்குப் பூவுக்கு 8 முதல் 10. கூர்முனை மேலே. தனித்தனிக் குழியில் ஒவ்வொன்றாக வரிசை பிடித்து நட்டால் பூக்கும்போது ஐதாகத் தெரியும். 30 செ.மீ. அகலக் குழி ஒன்றை வெட்டி, அதில் 7 டியூலிப்பை ஒன்றையொன்று தொடாமல் வையுங்கள். நட்டதும் ஒருமுறை நன்றாகத் தண்ணீர் விடுங்கள், வேர் அதில்தான் கிளம்பும்.

ஸ்காபரோப் பக்கத்து வளவுகள் பலவற்றில் களிமண். நடுமுன் 30 செ.மீ. குழி வெட்டித் தண்ணீர் நிரப்பிப் பாருங்கள். மறுநாள் காலையும் தண்ணீர் நின்றால் அந்த இடம் ஆகாது. குழியின் அடியில் சரளைக்கல் போட்டால் சரியாகிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். சுற்றிலும் களி இருக்கையில் அந்தக் குழி தண்ணீர் ஏந்தும் சட்டிதான். 20 செ.மீ. மேடுகட்டி, கொம்போஸ்ட் கலந்து அதில் நடுவதே வழி. கூரைத்தண்ணீர்க் குழாய் கொட்டும் இடத்தையும், உப்புத் தூவும் டிரைவ்வே ஓரத்தையும் தவிருங்கள்.

அடுத்தது அணில். புதிதாகக் கிளறிய மண்ணைக் கண்டால் அன்றைக்கே தோண்டும். எலும்புத்தூள் போடாதீர்கள், அந்த வாசம் அணிலையும் நாயையும் இழுக்கும். உதிர்ந்த கிழங்குத்தோலைக்கூடப் பொறுக்கி எடுத்துவிடுங்கள். மிளகாய்த்தூள் தூவுவது நம் வீடுகளில் வழக்கம். ஒரு மழையோடு அது போய்விடும். 2.5 செ.மீ. கண் உள்ள கோழிவலையை, நட்ட இடத்தைத் தாண்டி நாலு பக்கமும் 15 செ.மீ. வருமாறு விரித்து, ஓரத்தைக் கல்லால் அழுத்தி, மேலே இலைச்சருகு போடுங்கள். மார்ச்சில் முளை தெரிந்ததும் வலையை எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் அகன்ற இலை கண்ணுக்குள் சிக்கிக் கிழியும். இந்தப் பாடு வேண்டாம் என்றால் டாஃபடில், அல்லியம் (வெங்காய இனப் பூச்செடி) இரண்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அணில் அவற்றைத் தொடுவது அபூர்வம்.

சருகு மூடாக்கு கிழங்கைச் சூடாக வைப்பதற்கு என்றுதான் பலர் நினைக்கிறார்கள். உண்மையில் மண் ஒரே சீராக உறைந்து கிடப்பதற்கு அது. உறைவதும் உருகுவதுமாக மாறி மாறி நடந்தால் மண் கிளம்பி, ஆழம் குறைவாக நட்ட கிழங்கை மேலே தள்ளிவிடும். 5 செ.மீ. போதும். பெப்ரவரியில் இரண்டு நாள் வெயிலைக் கண்டு முளை எட்டிப் பார்த்தால் பதற வேண்டாம். ஏப்ரல் பனி விழுந்தாலும் இலை தாங்கும்.

பூ முடிந்ததும் வாடிய தலையை மட்டும் கிள்ளுங்கள், விதை கட்டினால் கிழங்கின் பலம் அதில் போகும். இலையைத் தொடக்கூடாது. பின்னி முடிச்சுப் போடுவதும் வேண்டாம். அடுத்த ஆண்டுக்குரிய சாப்பாட்டை அந்த இலைதான் சேர்க்கிறது. ஏறத்தாழ ஆறு வாரத்தில் தானே பழுக்கும். இங்கேதான் நமக்குச் சிக்கல். மே 24 (விக்டோரியா தின) வார இறுதி வந்தால் கத்தரி, மிளகாய், புடோல் கன்று நடக் கை பரபரக்கும், அப்போதோ டியூலிப் இலை பச்சையாக நிற்கும். அதைவிடப் பெரிய கேடு, மரக்கறிக்குக் கோடை முழுக்க விடும் தண்ணீர். உறங்கும் கிழங்கு அதில் அழுகும். ஆகவே மரக்கறிப் பாத்தியில் டியூலிப் வேண்டாம். வேலியோரம், கோடையில் தண்ணீர் விடாத இடம் பாருங்கள்.

எல்லா டியூலிப்பும் திரும்ப வருவதில்லை. கிளி டியூலிப், அடுக்கு டியூலிப் எல்லாம் முதல் ஆண்டு அழகுதான். அடுத்த ஆண்டில் கிழங்கு சின்னச் சின்னதாகப் பிரிந்து, அகன்ற ஒற்றை இலையோடு நின்றுவிடும். டார்வின் கலப்பினங்கள் சில ஆண்டு தாங்கும். டார்டா போன்ற குட்டைக் காட்டினம் தானாகவே பெருகும். டாஃபடில் பல்லாண்டு நிற்கும்; பூ குறைந்தால் நெருக்கம்தான் பெரும்பாலும் காரணம். இலை பழுத்த பிறகு, ஜூன் கடைசியில் தோண்டிப் பிரித்து 15 செ.மீ. இடைவெளியில் மறுபடி நடுங்கள்.