சம்பளச் சீட்டிலிருந்து வேட்புமனு வரை

"வறுமையில் வளர்ந்தவர், மக்கள் கஷ்டம் தெரிந்தவர்" என்று வேட்பாளரை மேடையில் அறிமுகம் செய்வார்கள். தொழிற்சங்க வேலை பார்ப்பவர்களுக்குத் தெரியும், அது பாதி உண்மைதான். கஷ்டப்பட்ட வீட்டுப் பிள்ளைகள் பலர் தேர்தல் பக்கமே தலைவைத்துப் படுப்பதில்லை. துணிந்து நிற்பவர், பெரும்பாலும், வேலையிடத்தில் ஏதாவது ஒரு விதியை மாற்றிக்காட்டியவராக இருப்பார்.

ஓவர்டைம் தகராறையே எடுத்துக்கொள்ளலாம். வருகைப் பதிவில் இருக்கும் மணி சம்பளச் சீட்டில் குறைகிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்துத் தேதிவாரியாக எழுத வேண்டும். அதே ஷிஃப்ட்டில் இருப்பவர்களின் கணக்கையும் சேர்க்க வேண்டும். தனி ஆளின் கணக்கென்றால் 'தட்டச்சுப் பிழை' என்று தள்ளிவிடுவார்கள். மனுவைக் கொடுத்ததும் நகலில் தேதியோடு கையெழுத்து வாங்க வேண்டும். அது இல்லாத நகல் வெறும் காகிதம். சம்பளத்தில் பிடித்தம் என்றால் தலையெழுத்து என்று இருந்துவிட்ட பெற்றோரைப் பார்த்து வளர்ந்தவருக்கு, நிலுவை கைக்கு வரும் நாளில் ஒன்று உறைக்கிறது: இந்த விதியெல்லாம் யாரோ உட்கார்ந்து எழுதியதுதான். அரசியல் ஆசை அங்கேதான் பிறக்கிறது. உள்ளாட்சி பட்ஜெட்டைப் பிரித்துப் படிக்கவும் அவருக்குக் கை நடுங்காது.

தேர்தலில் நிற்கவிடாமல் தடுப்பது பணமும் நேரமும். பிரிட்டனில் நாடாளுமன்ற உறுப்பினர்களுக்குச் சம்பளம் வேண்டும் என்று, தொழிலாளர்களின் வாக்குரிமைக்காகப் போராடிய சாசன இயக்கத்தார் (சார்ட்டிஸ்டுகள்) 1838இலேயே குரல் கொடுத்தும், ஆண்டுக்கு 400 பவுண்டு என்று வந்தது 1911இல்தான். சுரங்கத்தில் வேலை செய்து வளர்ந்த தொழிலாளர் தலைவர் கீர் ஹார்டி 1892இல் நாடாளுமன்றத்துக்குள் போனபோது அந்தச் சம்பளம் கிடையாது. பிரேசிலில் கடைசல் இயந்திரத் தொழிலாளியான லூலா 1975இல் உலோகத் தொழிலாளர் சங்கத் தலைவரானார். 1982இல் மாநில ஆளுநர் தேர்தலிலும் (அங்கே ஆளுநரை மக்களே தேர்ந்தெடுக்கிறார்கள்), 1989, 1994, 1998இல் அதிபர் தேர்தலிலும் தோற்று, 2002இல் வென்றார். பின்னால் சங்கமும் கட்சியும் இல்லாத தொழிலாளிக்கு ஒரு தோல்வியே தாங்காது.

வாக்குக் கேட்டு வீடு வீடாகப் போனால் ஆள் கிடைப்பது சாயங்காலத்தில். இரண்டாம் ஷிஃப்ட்காரருக்கு அதுவே வேலை நேரம். ஆகவே முதல் வேலை ஷிஃப்ட் மாற்றுவது. முன்மொழிவோர் கையெழுத்து கேட்கும் தேர்தலில், கேட்டதைவிடக் கூடுதலாக வாங்குங்கள். வாக்காளர் பட்டியலில் பெயர் இல்லாதவர், வேறு வார்டுக்குக் குடிபோனவர் என்று சிலது அடிபடும். பட்டியல் எண்ணைப் பார்த்துவிட்டுப் பேனாவை நீட்டுவது நல்லது. செலவுக் கணக்கை அன்றன்றைக்கே எழுத வேண்டும். நண்பர் சும்மா ஓட்டிய வண்டியையும் பல நாடுகளில் செலவாகக் காட்டச் சொல்வார்கள். தேர்தல் முடிந்தபின் ரசீது தேடி அலைந்து மாட்டியவர்கள் உண்டு.

பேச்சில் வீட்டுக் கஷ்டத்தை ஒருமுறை சொன்னால் போதும். கேட்பவர் வீட்டிலும் அதே கஷ்டம்தான்; சாக்கடை எப்போது சரியாகும் என்றுதான் அவர் கேட்பார். அதற்கு எந்த அலுவலகம் பொறுப்பு, எந்தத் தலைப்பில் நிதி என்று பதில் வேண்டும்.

சம்பளமில்லா விடுப்பா, ராஜினாமாவா என்பதை மனுத்தாக்கலுக்கு முன்பே எழுத்தில் வாங்கிவிட வேண்டும். மேலாளர் வாயால் சொன்ன "பார்த்துக்கலாம்", தோற்ற மறுநாள் ஆலை வாசலில் செல்லாது.