சாப்பாட்டு மேசையில் ஒரு சைக்கிள் சீட்

செவ்வாய்க்கிழமை இரவிலிருந்து எங்கள் சாப்பாட்டு மேசையில், மின்விசிறிக்கு நேர் கீழே, என் சைக்கிள் சீட் படுத்திருந்தது. அடியில் நான்காக மடித்த பழைய துண்டு. வயிற்றுக்குள் கசக்கித் திணித்த செய்தித்தாள்.

"இவர் எப்போது எழுந்திருப்பார்?" என்று மனைவி கேட்டாள்.

"வெள்ளிக்கிழமை ஆகும்."

"எழுந்த பிறகாவது மேசையைத் துடைத்துக் கொடுங்கள்" என்று சொல்லிவிட்டு, தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அதிகம் பேசாததற்குக் காரணம் உண்டு. சீட்டை இந்தக் கதிக்கு ஆளாக்கியது அவளுடைய தம்பி.

அவன் செய்ததைச் சொல்வதற்கு முன் சீட்டின் பூர்வீகத்தைச் சொல்லிவிட வேண்டும். 14 வருடங்களுக்கு முன்பு வரை நானும் ஃபோம் சீட் ஆள்தான். கடையில் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்து, எது அதிகம் அமுங்குகிறதோ அதை வாங்கி வருவேன். உட்காரப்போவது கட்டைவிரல் அல்ல என்பது உறைக்கவே பல வருடங்கள் ஆயின. சைக்கிளில் நம் எடையைத் தாங்குபவை இடுப்பெலும்பின் அடியில் இருக்கும் இரண்டு முனைகள். மெத்தென்ற சீட்டில் அவை புதைந்துபோகும். புதைந்ததும் நடுவில் இருக்கும் ஃபோம் மேலெழுந்து, எங்கே நெருக்கக் கூடாதோ அங்கே நெருக்கும்.

எனக்கு ஒரு ஃபோம் சீட் இரண்டு வருடம் வந்தால் பெரிது. உள்ளே இருக்கும் காற்றறைகள் தினமும் நசுங்கி நசுங்கி ஒருநாள் எழ மறுத்துவிடும். வெயிலில் மேலுறை இறுகி, மூக்கு வளைகிற இடத்தில் முடி அகலத்துக்கு ஒரு வெடிப்பு விழும். அதைப் பார்த்து, இது என்ன செய்துவிடும் என்று விட்டுவிடுவோம். இரவில் பெய்த மழையெல்லாம் அதன் வழியாகத்தான் உள்ளே இறங்கும். காலையில் துணியால் துடைத்து, உள்ளங்கையால் தடவி, காய்ந்துதான் இருக்கிறது என்று நம்பி ஏறி உட்கார்ந்தால், தெருமுனை திரும்புவதற்குள் கால்சட்டையின் பின்புறம் உண்மையைச் சொல்லிவிடும். அப்படி ஒருநாள் அலுவலகத்தில் மதியம் வரை நின்றுகொண்டே வேலை பார்த்தேன். சுறுசுறுப்பு என்று மேலாளர் பாராட்டினார்.

அதற்குப் பிறகுதான் தோல் சீட் வாங்கினேன். அதில் மெத்தை என்று எதுவும் கிடையாது. கிட்டத்தட்ட 5 மில்லிமீட்டர் கனமுள்ள மாட்டுத்தோலை முன்மூக்குக்கும் பின்தகட்டுக்கும் இடையே தூளிபோல இழுத்துக் கட்டி ரிவெட் அடித்திருப்பார்கள், அவ்வளவுதான். முதல் மாதம் திண்ணையின் விளிம்பில் உட்கார்ந்து ஊர் சுற்றியதுபோல இருந்தது. வீட்டில் நாற்காலியில் உட்காரும்போது நான் கொடுத்த முகபாவங்களை மகள் இன்றும் நடித்துக் காட்டுகிறாள். இரண்டாம் மாதம் தோல் இளகத் தொடங்கியது. ஆறாம் மாதம் பார்த்தால், இடமும் வலமுமாக இரண்டு குழிகள், என் எலும்புகளுக்கு அளவெடுத்த மாதிரி! அதிலிருந்து சீட் இருப்பதே தெரிவதில்லை. உட்கார்ந்து தின்றால் மலையும் கரையும் என்பார்கள். 14 வருடம் உட்கார்ந்தும் இது கரையவில்லை. முதல் சைக்கிள் துருப்பிடித்துப் பழைய இரும்புக்குப் போனபோது, சீட்டை மட்டும் கழற்றி இரண்டாவது சைக்கிளில் ஏற்றினேன். செயின் எத்தனை மாற்றினேன் என்ற கணக்கே இல்லை.

எப்போதாவது கொஞ்சம் மெழுகுத் தைலம் தடவ வேண்டும். எண்ணெயை ஊற்றி ஊறவைத்தால் தோல் துவண்டுவிடும். மூக்கின் அடியில் ஒரு போல்ட் இருக்கிறது. தோல் தொய்ந்தால் அதைக் கால் சுற்று முடுக்கலாம், கால் சுற்றுதான். நான் ஒருமுறை உற்சாக மிகுதியில் முழுச் சுற்று முடுக்கி, இரண்டு வாரம் மறுபடியும் திண்ணை விளிம்பில் பயணம் செய்தேன்.

இன்னொரு முறை மிதிக்க மிதிக்கக் கிறீச் கிறீச் என்று சத்தம். என் வயதை உத்தேசித்து முழங்காலைத்தான் சந்தேகப்பட்டேன். தைலம் முழங்காலுக்குப் போயிற்று. பத்து நாள் கழித்து ஒரு மேட்டில் எழுந்து நின்று மிதித்தபோது சத்தம் நின்றுவிட்டது. நின்று மிதித்தால் முழங்காலுக்கு வேலை அதிகம், சீட்டுக்கு ஓய்வு. ஆக, குற்றவாளி சீட்தான். அடிக்கம்பிகளை இறுக்கிப் பிடிக்கும் கவ்வியில் மண் சேர்ந்திருந்தது. துடைத்து, துளி கிரீஸ் வைத்ததும் சரியாகிவிட்டது.

இனி மைத்துனன். போன ஞாயிற்றுக்கிழமை, "அத்தான், சைக்கிளைக் கொஞ்சம் எடுத்துப் போகிறேன்" என்றான். கொஞ்சம் என்றால் இரண்டு நாள் என்பது பிறகு தெரிந்தது. அந்த இரண்டு நாளும் மழை. சீட்டின் அடியில் எப்போதும் ஒரு பிளாஸ்டிக் பை செருகி வைத்திருப்பேன், நிறுத்தும்போது மேலே மாட்டுவதற்கு. அந்தப் பையில் தன் செல்பேசியைப் போட்டுப் பத்திரமாகக் கொண்டுவந்தான். சீட் வானம் பார்த்து நனைந்தது. அதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. ஊறிய தோலின்மேல் உட்கார்ந்தே திரும்பி வந்திருக்கிறான். ஈரத்தோல் எடையைக் கண்டால் இழுபட்டுக்கொண்டே போகும். காய்ந்த பிறகு அந்த வடிவத்திலேயே நின்றுவிடும். அவன் எடையை இங்கே எழுதினால் வீட்டில் வேறு பிரச்சினை வரும்.

சைக்கிளை நிறுத்திவிட்டு அவன் சொன்னான்: "அத்தான், சீட் பழசாகிவிட்டது. இரண்டு இடத்தில் குழி விழுந்திருக்கிறது. மாற்றிவிடுங்கள்."

இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் தோல் பொருள்கள் செய்துகொண்டிருந்த ஜான் போல்ட்பீ புரூக்ஸ், 1878-இல் தன் குதிரை செத்துப்போகவே, போக்குவரத்துக்கு ஒரு சைக்கிளை இரவல் வாங்கினாராம். அதன் சீட் படுத்திய பாட்டில், 1882-இல் தோல் சீட்டுக்குக் காப்புரிமையே வாங்கிவிட்டார் என்பது அவர் தொடங்கிய நிறுவனம் சொல்லும் கதை. அவரும் இரவல் வாங்கினார், இவனும் இரவல் வாங்கினான்.

ஈரத்தோலை வெயிலிலோ அடுப்பருகிலோ வைத்தால் இறுகி வெடித்துவிடும். நிழலில், காற்றில், மெதுவாகத்தான் காய வேண்டும். அதனால்தான் சாப்பாட்டு மேசை. தலைமுடி உலர்த்தியை வைத்து ஐந்து நிமிடத்தில் முடித்துத் தருவதாக மகள் சொன்னாள். அதை வாங்கி என் மேசை அறையில் வைத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை சீட் எழுந்தது. தைலம் தடவி, கால் சுற்று முடுக்கி, ஏறிப் பார்த்தேன். வலது குழி என்னுடையதுதான். இடது குழியில் யாரோ குடியிருந்து காலி செய்த உணர்வு. மிதிக்கும்போது லேசாக இடப்பக்கம் சாய்கிறேன். எதிரே வருபவர்கள் நான் திரும்பப்போவதாக நினைத்து ஒதுங்குகிறார்கள்.

நேற்று மைத்துனன் மறுபடியும் அழைத்தான். "அத்தான், இந்த ஞாயிறும் சைக்கிள் கிடைக்குமா?"

தாராளமாக எடுத்துக்கொள் என்றேன். தோல் சீட்டைக் கழற்றிப் பீரோவில் வைத்துப் பூட்டினேன். பரண்மேல் கிடந்த பழைய ஃபோம் சீட்டை இறக்கி மாட்டி, சைக்கிளை முற்றத்தில் நிறுத்தினேன். இரவு நல்ல மழை. காலையில் துணியால் துடைத்து, உள்ளங்கையால் தடவிப் பார்த்தேன். காய்ந்துதான் இருக்கிறது.