சிலி தோழியும் ஒரு "சீ போ"வும்

வெளிநாட்டு மொழி பழகணும்னா அந்த மொழிக்காரர்களோடு பேசிப் பழகு என்று எல்லோரும் சொல்கிறார்கள். ஆனால் அந்த மொழிக்காரர்கள் யாரும் அந்த மொழியைப் பேசுவதில்லை, அவரவர் ஊர் வழக்கைத்தான் பேசுகிறார்கள் என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை. செயலியில் மாதக்கணக்கில் உட்கார்ந்து "நூலகம் எங்கே இருக்கிறது?" என்று உருப்போட்டுவிட்டுப் போவோம். எதிரில் இருப்பவர் முதல் வரியிலேயே நம்மை அம்போவென்று விட்டுவிட்டு எங்கேயோ போய்க்கொண்டிருப்பார்.

வார இறுதியில் இணையத்தில் கூடிப் பேசும் சின்னக் கூட்டம் எங்களுடையது. ஸ்பானிஷுக்குச் சிலியிலிருந்து ஒரு தோழி, ஸ்பெயினின் கனரித் தீவுகளிலிருந்து ஒருவர். ஜெர்மனுக்கு வட ஜெர்மனியிலிருந்து ஹாம்பர்க்காரர், கிழக்கிலிருந்து லைப்சிக்காரர், சுவிட்சர்லாந்துப் பெண் என்று மூன்று பேர். ஜப்பானியத்துக்கு ஒசாகாவிலிருந்து ஒரு மாணவர். தமிழ்ப் பக்கம் நான், ஒரு கோவைக்காரர், ஒரு நெல்லைக்காரர், ஒரு யாழ்ப்பாணத்துத் தோழி. அவர்கள் மொழியில் கொஞ்ச நேரம், நம் மொழியில் கொஞ்ச நேரம் என்பது ஏற்பாடு. நடப்பது என்னவோ, எல்லோரும் ஆங்கிலத்தில் சண்டை போடுவது.

முதல் வில்லங்கம் சிலித் தோழியால் வந்தது. எங்கள் கோவைக்காரர் பூப்போலப் பேசுகிறவர், ஒரு வாக்கியத்தில் மூன்று "ங்" இல்லாமல் முடிக்க மாட்டார். அவர் தான் படித்த ஸ்பானிஷில், மிகுந்த பணிவோடு, "நான் பேசுவது உங்களுக்குப் புரிகிறதா?" என்று கேட்டார். அந்தப் பெண் முகமெல்லாம் சிரிப்பாக "சீ போ!" என்றாள். மனுஷன் முகம் தொங்கிப்போய்விட்டது. சரி, நம் உச்சரிப்பு சரியில்லை போல என்று தேற்றிக்கொண்டு, "அடுத்த வாரமும் பேசலாமா?" என்று கேட்டார். அதற்கும் "சீ போ!" அதுவும் முன்பைவிட உற்சாகமாக. அவர் மைக்கை அணைத்துவிட்டு, "என்னங், இந்தப் பொண்ணு ஒரு மட்டு மருவாதி இல்லாம பேசுதுங்" என்று எனக்குத் தனிச் செய்தி அனுப்பினார்.

விஷயம் இதுதான். "சீ" என்றால் ஆம். மற்ற இடங்களில் பேச்சுக்கு நடுவே வரும் "புவேஸ்" என்ற அசைச்சொல் சிலியில் தேய்ந்து "போ" ஆகிவிட்டது. "ஆமாம்ப்பா", "ஆமாங்" என்பதில் நாம் ஒட்டுவதுபோல அவர்கள் அதை வாக்கியத்தின் வாலில் ஒட்டிக்கொள்கிறார்கள். இல்லை என்பதற்கு "நோ போ", சரி போதும் என்பதற்கு "யா போ". ஆக, அவர் வாக்கியத்துக்கு வாக்கியம் "ங்" போட்ட இடத்தில்தான் அவள் "போ" போட்டிருக்கிறாள். இதைச் சொல்லி அவரைத் திரும்ப இழுத்துவர எனக்கு அரைமணி நேரம் பிடித்தது. இப்போது அவர் என்ன கேட்டாலும் "சீ போங்" என்கிறார். தூய கொங்குச் சிலியன்.

கனரித் தீவுக்காரர் கதை வேறு. ஒருநாள் தாமதமாக வந்தார். "குவாகுவா நிறைந்து வழிந்தது, அதைப் போகவிட்டுவிட்டு அடுத்ததைப் பிடித்து வந்தேன்" என்று காரணம் சொன்னார். சிலித் தோழி திகிலோடு பார்த்தாள். அவர் தீவுகளிலும் கியூபாவிலும் குவாகுவா என்றால் பேருந்து, சிலியில் கைக்குழந்தை. போதாக்குறைக்கு, அவர் "பிடித்து" என்பதற்குப் பயன்படுத்திய வினைச்சொல் ஸ்பெயினில் குழந்தைகூடச் சொல்வது, மெக்சிகோவிலும் அர்ஜென்டினாவிலும் சபையில் சொல்லக்கூடாதது. இரண்டையும் சேர்த்து ஒரே வாக்கியத்தில் வைத்தால் என்ன ஆகும் என்பதை உங்கள் கற்பனைக்கு விட்டுவிடுகிறேன். அவள் விளக்கவில்லை, சிரித்து முடிப்பதற்குள்ளேயே நேரம் போய்விட்டது.

ஒசாகா மாணவர் எங்கள் நெல்லைக்காரரை "அஹோ" என்று கூப்பிட்டார். இவர் தோக்கியோ ஜப்பானியம் படித்தவர், அகராதியைத் திறந்தால் "முட்டாள்" என்று இருக்கிறது. மாணவர் பதறிப்போய் விளக்கம் சொன்னார். அவர்கள் பக்கம் அஹோ என்பது பெரும்பாலும் செல்லமாகச் சொல்வது, "பாகா" என்றால்தான் சுருக்கென்று தைக்கும், தோக்கியோவில் இது அப்படியே தலைகீழ். நெல்லைக்காரர் அசரவே இல்லை. "இதுல என்னவே இருக்கு, எங்க பக்கம் பிரியம் முத்துனா 'மூதி'ன்னுதான் கூப்பிடுவோம்" என்றார். அன்றிலிருந்து இருவரும் ஒருவரையொருவர் அஹோ, மூதி என்று அழைத்துக்கொண்டு மிக அந்நியோன்யமாக இருக்கிறார்கள்.

ஆனால் இதையெல்லாம் தூக்கிச் சாப்பிட்டது ஜெர்மன் கடிகாரம். லைப்சிக்காரர் ஒரு வாரம் "கால் எட்டுக்குக் கூடுவோம்" என்று ஜெர்மனில் செய்தி போட்டார். எனக்குப் புரியவில்லை. சந்தேகத்தை அந்த மொழிக்காரரிடமே கேட்பதுதான் முறை என்று ஹாம்பர்க்காரரைக் கேட்டேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, நீதிபதி தோரணையில், "எட்டே காலாகத்தான் இருக்கணும்" என்று தீர்ப்பளித்தார். இருவரும் எட்டே காலுக்குப் போனோம். லைப்சிக்காரர் ஏழே காலிலிருந்து தனியாக உட்கார்ந்திருந்து, ஒன்றின் கீழ் ஒன்றாக கேள்விக்குறியாகப் போட்டு வைத்திருந்தார்.

ஜெர்மனியின் கிழக்கிலும் தெற்கில் பல இடங்களிலும் கணக்கு இப்படியாம்: எட்டாவது மணிநேரத்தில் கால் பங்கு கழிந்தால் "கால் எட்டு", அதாவது 7:15. முக்கால் பங்கு கழிந்தால் "முக்கால் எட்டு", அதாவது 7:45. வடக்கத்திக்காரர்களுக்கு இது ஒத்துவராது. ஆனால் "அரை எட்டு" என்றால் 7:30 என்பதை நாடு முழுக்க ஒத்துக்கொள்கிறது. "அரையை ஒத்துக்கிறவனுக்குக் கால் மட்டும் ஏன் கசக்குது?" என்று லைப்சிக்காரர் கேட்டதற்கு ஹாம்பர்க்காரரிடம் பதில் இல்லை. என்னிடமும் இல்லை, எனக்கு நியாயம் லைப்சிக்காரர் பக்கம்தான் தெரிந்தது.

நாங்கள் முடிந்துபோன மணியிலிருந்து எண்ணுவோம், ஏழே கால், ஏழரை, ஏழே முக்கால் என்று சொல்லி வாயை மூடவில்லை, கோவைக்காரர் உள்ளே புகுந்தார். "ஏழரைன்னா எங்களுக்கு வேற கணக்கும் இருக்குங்." சனி வானத்தை ஒரு சுற்றுச் சுற்றிவர ஏறக்குறைய 29½ ஆண்டு, அதைப் பன்னிரண்டு ராசிக்குப் பிரித்தால் ராசிக்குச் சுமார் இரண்டரை, மூன்று ராசியைக் கடக்க ஏழரை, அந்தக் காலத்தில் தொட்டதெல்லாம் இழுபறி, அதனால்தான் வம்பை விலைக்கு வாங்குகிறவனை "ஏழரையைக் கூட்டிட்டான்" என்கிறோம் என்று படம் வரையாத குறையாக விளக்கினார். லைப்சிக்காரர் அத்தனையையும் பொறுமையாகக் கேட்டுக் குறித்துக்கொண்டார். அன்றிலிருந்து ஹாம்பர்க்காரருக்கு "ஹெர் ஏழரை", அதாவது திருவாளர் ஏழரை, என்று பெயர்.

சரி, இவர்கள் சண்டையை நாங்கள் வேடிக்கை பார்த்ததெல்லாம் எங்கள் முறை வரும் வரைதான். சுவிஸ் பெண் வீட்டைப் பெருக்கிக்கொண்டே பேசுகிறவள். ஒருநாள் கையிலிருந்ததைக் கேமரா முன்னால் தூக்கிப் பிடித்து, "தமிழில் இதற்கு என்ன பெயர்?" என்று கேட்டாள். நான் "விளக்குமாறு" என்றேன். அதே நேரத்தில் ஒரு குரல் "வாரியல்", ஒரு குரல் "சீமாறு". யாழ்ப்பாணத்துத் தோழி திரையை உற்றுப் பார்த்து, "நீளத் தடி இருக்கு, உது தும்புத்தடி. நீங்கள் சொல்லுறது எல்லாம் வேற சாமான்" என்றாள். சென்னையில் தொடப்பம் என்பார்கள் என்று நான் சொல்லியிருக்க வேண்டாம், எல்லோரும் சேர்ந்து என்மேல் பாய்ந்தார்கள். பாவம், அந்தப் பெண் துடைப்பத்தைத் தூக்கிப் பிடித்தபடியே நின்றுகொண்டிருந்தாள்.

அதோடு விட்டிருக்கலாம். நெல்லைக்காரர், "எனக்குச் சோலி கெடக்கு, கெளம்புதேன்" என்றார். யாழ்ப்பாணத்துத் தோழி, "ஐயோ, என்ன சோலி? ஏதும் உதவி வேணுமோ?" என்று பதறினாள். இவருக்குச் சோலி என்றால் வேலை, அவளுக்குச் சோலி என்றால் தொல்லை. குவாகுவாவுக்குச் சிரித்த நாங்கள் இங்கே மூச்சுவிடவில்லை. சிலித் தோழிதான் முதலில் சிரித்தாள்.

எங்கள் நிலைமை உடனே விளங்கியது சுவிஸ் பெண்ணுக்குத்தான். அவர்களும் எழுதுவது பொது ஜெர்மன், வாயில் வருவது ஊர் ஜெர்மன். எழுத்துக்கு ஒன்று, பேச்சுக்கு ஒன்று என்னும் இந்த இரட்டை வழக்கைப் பற்றி 1959-இல் சார்லஸ் ஃபெர்குசன் என்ற மொழியியலாளர் எழுதிய கட்டுரையில் எடுத்துக்கொண்ட நான்கு எடுத்துக்காட்டுகளில் சுவிஸ் ஜெர்மனும் ஒன்று. "நான் வந்துகொண்டிருக்கிறேன்" என்று யாருமே வாயால் சொல்வதில்லை என்று சொன்னபோது மற்றவர்கள் விழித்தார்கள், அவள் மட்டும் தலையை ஆட்டினாள். "அப்போ நான் எந்தத் தமிழைப் படிக்கட்டும்?" என்று கேட்டாளே பார்க்கணும், நான்கு பேரும் ஒரே குரலில் "என்னோடதை" என்றோம்.

கடைசியில் பொதுவாக ஒரு சொற்பட்டியல் திறந்து, யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்று வைத்தோம். அது எவ்வளவு தப்பான யோசனை என்று இப்போது தெரிகிறது. நேற்றுப் பார்த்தபோது துடைப்பத்துக்கு நேரே வாரியல் என்று இருந்தது. இன்றைக்குப் பார்த்தால் அதை அழித்துவிட்டு யாரோ சீமாறு என்று மாற்றியிருக்கிறார்கள். யார் என்று பெயர் போடவில்லை. ஆனால் பக்கத்திலேயே "இதுதான் சரிங்" என்று ஒரு குறிப்பு இருக்கிறது.