தேரியில் ஒரு சுற்று

“நம்ம ஊர்ல பாலைவனமா?” என்று சென்னை நண்பன் சிரித்தான். குதிரைமொழித் தேரியை, அந்தச் செம்மணல் மேட்டுக்காட்டைப் பார்க்காதவன் சிரிக்கத்தான் செய்வான். 1986-ல் தூத்துக்குடி மாவட்டம் பிரிந்தபோது அது அந்தப் பக்கம் போய்விட்டது. எங்கள் வீட்டில் இன்னும் அதைத் திருநெல்வேலிச் சீமை என்றுதான் சொல்வார்கள்.

அருஞ்சுனை காத்த அய்யனார் கோயிலில் தொடங்கி, தேரிக்குள் 14 கிலோமீட்டர் ஓடிச் சுற்றி, திரும்பக் கோயில். தனியாக, ஒன்றரை மணி நேரத்துக்குள். தண்ணீரை நானே சுமக்க வேண்டும், வழியில் யாரிடமும் எதுவும் வாங்கக் கூடாது. காப்புக்காடு என்பதால் வண்டித்தடத்தை விட்டு விலகவும் கூடாது. விதியெல்லாம் நானே போட்டுக்கொண்டதுதான்.

முந்தின நாள் சாயங்காலமே நடந்துபோய், தடம் பிரிகிற இடங்களில் காலை அழுத்திப் பதித்துவிட்டு வந்தேன். பெரிய புத்திசாலி என்று நினைப்பு. ஆனி மாதம் அது. மலைக்கு அந்தப் பக்கமே மழையைக் கொட்டிவிட்டு வறண்டு வரும் மேல்காற்று ராத்திரி முழுக்க வீசியிருக்கிறது. விடியற்காலை போய்ப் பார்த்தால் ஒரு கால்தடம்கூட இல்லை. சலித்துக் கொட்டிய மாதிரி செம்மணல், அதில் ஒரு ஓணான் போன கோடு மட்டும்.

முதல் மூன்று கிலோமீட்டர் ஈரம் இருந்ததால் கால் புதையவில்லை. அப்புறம் மேடு. ஒரு எட்டு வைத்தால் அரை எட்டு சறுக்குகிறது. மணலில் ஓடக் கெட்டித் தரையைவிட 1.6 மடங்கு சக்தி வேண்டும் என்று 1998-ல் ஓர் ஆய்வில் அளந்து சொன்னார்கள். அளந்தவர்கள் தேரி மேட்டில் ஏறியிருக்க மாட்டார்கள். எட்டைச் சின்னதாக்கி, உடை மரங்களின் பக்கம் ஒதுங்கி ஓடினேன். அங்கே வேர் மணலைப் பிடித்து வைத்திருக்கிறது. ஆனால் முள்ளும் அங்கேதான். ஒன்று ஷூவின் அடிப்பாகத்தைத் துளைத்துக் குதிகாலைத் தொட்டது. உட்கார்ந்து பல்லால் பிடுங்கினேன்.

ஒன்பதாவது கிலோமீட்டரில் ஒரு பனையேறி அண்ணாச்சி இறங்கிக்கொண்டிருந்தார்.

“யாரும் விரட்டுதாவளா தம்பி?”

“இல்ல அண்ணாச்சி, சும்மா ஓடுதேன்.”

“சும்மாவா?” என்று என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, ஓலைப் பட்டையை மடித்து நீட்டினார். கலயத்திலிருந்து சுண்ணாம்பு வாசத்தோடு பதநீர் இறங்கியது. பருவம் முடியப்போகிற நேரம். விதி ஞாபகம் வந்தது. வேண்டாம் என்றால் அண்ணாச்சி முகம் என்ன ஆகும் என்பதும் ஞாபகம் வந்தது. இரண்டு பட்டை குடித்தேன்.

கோயிலைத் தொட்டபோது ஒரு மணி ஐம்பத்திரண்டு நிமிடம். பனைமரத்தடியில் நின்ற ஒன்பது நிமிடமும் அதில் சேர்த்தி. கழித்துப் பார்த்தேன், அப்போதும் ஒன்றரைக்குள் வரவில்லை.

வீட்டு முற்றத்தில் ஷூவைக் கவிழ்த்தேன். இரண்டு கை மணல் கொட்டியது. விளக்குமாற்றை எடுக்கப் போனவனை அம்மா தடுத்தாள்.

“அய்யனார் மண்ணுல்ல அது. பெருக்காத, அள்ளி வை.”