கிழியாத உட்ஸ்டாக் டிக்கெட்டும் கறுத்துப்போன இன்னொன்றும்

பழைய ராக் கச்சேரி டிக்கெட் சேர்க்க ஆரம்பித்து எட்டு மாதம் ஆகிறது. கையில் இப்போது 31 இருக்கிறது. 32 இருந்திருக்க வேண்டும், ஒன்றை நானே பாழாக்கினேன், அந்தக் கதைக்கு அப்புறம் வருகிறேன்.

நானும் உட்ஸ்டாக்கில்தான் முதலில் போய் விழுந்தேன். 1969 ஆகஸ்டில் அமெரிக்காவில் நடந்த ராக் இசை விழா அது; மூன்று நாளுக்கு 18 டாலர் என்று அச்சடித்த முன்பதிவு டிக்கெட், அதுவும் கிழியாமல் முழுசாக, இவ்வளவு சுலபமாகக் கிடைக்கிறதே, போலியாகத்தான் இருக்கும் என்று ஒரு வாரம் குழம்பினேன். விசாரித்தால் விஷயமே வேறு. வேலி போட்டு முடிப்பதற்குள் கூட்டம் குவிந்துவிட, வேறு வழியில்லாமல் இலவசம் என்று அறிவித்துவிட்டார்கள். டிக்கெட்டை வாங்கிக் கிழிக்க வாசல் என்று ஒன்று இருந்தால்தானே! அதனால்தான் முழு டிக்கெட்டுகள் ஏராளமாக மிஞ்சின. மற்ற கச்சேரிகளில் கிழித்த பாதிதான் சாதாரணமாக அகப்படும்.

அதற்காகப் போலியே இல்லை என்று அர்த்தமில்லை. இரண்டாவதாக வாங்கியதை 10 மடங்கு லென்ஸில் பார்த்தபோது, கறுப்பு எழுத்தின் ஓரமெல்லாம் நீலமும் சிவப்புமாகப் புள்ளிகள் தெறித்திருந்தன. வீட்டு இங்க்ஜெட் வேலை. ஒளிர்ந்தால் புதுக் காகிதம் என்று கண்டுபிடித்துவிடலாம் என நினைத்துப் புற ஊதா விளக்கும் வாங்கினேன், அது அவ்வளவு பிரயோஜனமில்லை; காகிதத்தை வெளுப்பாகக் காட்டும் ரசாயனத்தை 1950களிலேயே கலக்க ஆரம்பித்துவிட்டதால், அறுபதுகளின் அசல் டிக்கெட்டும் நீலமாக ஒளிரலாம். லென்ஸ் போதும்.

உறை விஷயத்திலும் ஒரு தப்பு செய்தேன். பிளாஸ்டிக் வாடை அடிக்கும் மெத்தென்ற பிவிசி உறைகளில் போட்டு வைத்திருந்தேன், இரண்டு டிக்கெட்டில் மை உறையோடு ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. எல்லாவற்றையும் பாலியெஸ்டர் உறைக்கு மாற்றியாயிற்று.

சரி, அந்த 32வது. தொண்ணூறுகளின் டிக்கெட், தெர்மல் காகிதம், எழுத்து மங்கிக்கொண்டே வந்தது. காப்பாற்றுகிறேன் பேர்வழி என்று லேமினேஷன் மெஷினில் விட்டேன். சூடு பட்டால் கறுக்கும் காகிதம் அது, எழுத்தே அப்படித்தான் விழுகிறது என்பது அந்த நேரத்தில் மண்டைக்கு எட்டவில்லை. மறுபக்கம் கரிய பட்டையாக வெளியே வந்தது. இசைக்குழுவின் பெயர், தேதி, இருக்கை எண் எதுவும் மிச்சமில்லை.

இப்போது மற்ற தெர்மல் டிக்கெட்டுகளை ஒவ்வொன்றாக ஸ்கேன் செய்து வெளிச்சம் படாத பெட்டியில் வைக்கிறேன். ஒன்பது முடிந்தது, நான்கு பாக்கி. அந்தக் கறுப்புப் பட்டையும் அதே பெட்டியில்தான் கிடக்கிறது, கணக்கில் மட்டும் சேர்க்கவில்லை.