மலையே மூலவர்: லாவோஸின் வாட் பூ

வாட் பூ என்னும் பழைய சிவன் கோயிலில் தரிசனம் மேகோங் ஆற்றங்கரையிலேயே தொடங்கிவிடுகிறது. சம்பாசக் ஊர்க்கரையில் நின்று மேற்கே பாருங்கள். சுமார் 1,400 மீட்டர் உயரமுள்ள பூ காவ் மலையின் உச்சியில் பாறையொன்று முளைத்து நிற்கும். அதுவே சுயம்புலிங்கம். லாவோ மக்கள் 'கொண்டை மலை' என்கிறார்கள். வடமொழிக் கல்வெட்டில் லிங்கபர்வதம். கோயிலுக்குள் ஏறியபின் செங்குத்துப் பாறை உச்சியை மறைத்துவிடும். ஆகவே ஆற்றங்கரையிலேயே கைகூப்பிவிட வேண்டும்.

இந்த மலையடியில் 5-ஆம் நூற்றாண்டில் தேவானீகன் என்ற அரசன் தீர்த்தம் ஒன்றை ஏற்படுத்தி, அதற்குக் குருக்ஷேத்திரம் என்றே பெயர் சூட்டினான். ஆற்றங்கரையில் கிடைத்த அவனது கல்வெட்டு இதைச் சொல்கிறது. இறைவன் திருநாமம் பத்ரேசுவரர். இன்று நாம் காணும் கட்டடங்களில் பெரும்பாலானவை 11 முதல் 13-ஆம் நூற்றாண்டு வரையிலான கெமர் (பழைய கம்போடிய) அரசர்களின் திருப்பணி. பிறகு பௌத்தம் பரவியது. 1713-இல் தனி அரசான சம்பாசக், சயாமின் (இன்றைய தாய்லாந்தின்) பிடியிலும் பிரெஞ்சு ஆட்சியிலும் இருந்தது. ஆனாலும் மலையடி வழிபாடு நிற்கவில்லை. 2001-இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியக் களமாக்கியது.

கோயில் கிழக்கு நோக்கியது. குளங்களிலிருந்து கருவறை வரை சுமார் 1.4 கிலோமீட்டர், ஒரே நேர்கோடு. குளக்கரை வரை மின்வண்டி விடுகிறார்கள், அங்கிருந்து நடை. வழியின் இருபுறமும் இரண்டு பெரிய மண்டபங்கள். வடக்கு மண்டபத்தில் நம் இந்தியத் தொல்லியல் துறை சீரமைப்புப் பணி செய்திருக்கிறது. அடுத்து நந்தி மண்டபம். ஏறும் வழியில் காவி போர்த்திய சிலை ஒன்று நிற்கும். வடிவத்தில் அவர் துவாரபாலகர். ஊர்மக்களுக்கோ கோயிலைக் கட்டிய காம்மதா ராஜா. வாழையிலைக் கூம்பில் செண்டுமல்லி செருகி விற்பார்கள். ஒன்று வாங்கி அவர் காலடியில் வைத்துவிட்டு ஏறுவதே முறை.

படிகள் குறுகலானவை, செங்குத்தானவை; கல் சாய்ந்திருக்கும். மழைக்காலமான மே முதல் அக்டோபர் வரை பாசி வழுக்கும். ஏறுவதைவிட இறங்குவதில்தான் விழுகிறார்கள், பக்கவாட்டில் திரும்பி இறங்குங்கள். இருபுறமும் ஈழத்தலரி மரங்கள்.

கருவறையில் இப்போது புத்தர் இருக்கிறார். லிங்கம் காணோமே என்று மனம் சோர்ந்து உடனே திரும்பிவிடுவதுதான் பலரும் செய்யும் தவறு. செருப்பைக் கழற்றி வணங்கிவிட்டு நிலைவிட்டங்களைப் பாருங்கள்: ஐராவதத்தில் இந்திரன், கம்சனை வதைக்கும் கண்ணன். முன்பகுதி மணற்கல், பின்பகுதி பழைய செங்கல். அந்தச் செங்கல் அறையில்தான் லிங்கம் இருந்தது. நம் கோயில்களில் கோமுகி அபிஷேக நீரை வெளியே விடும். இங்கே பின்னாலுள்ள பாறைச் சுனையின் நீரைக் கல்வாய்க்கால் உள்ளே கொண்டுவந்து லிங்கத்தின்மேல் ஓயாமல் பொழிந்தது. மலையே தன் இறைவனுக்குச் செய்த அபிஷேகம்! இத்தலத்தின் உயிரே இந்த ஏற்பாடுதான். சுனையில் இன்றும் தீர்த்தம் பிடிக்கிறார்கள். தலையில் தெளித்துக்கொள்ளலாம், குடிக்க வேண்டாம்.

கருவறைக்குப் பின்னால் பாறையில் மும்மூர்த்திகள், நடுவில் சிவன். சற்று வடக்கே முதலை வடிவம் குடைந்த கல்லும் யானைப் பாறையும் உண்டு.

தாய்லாந்தின் உபோனிலிருந்து சோங் மெக் எல்லை வழியாக லாவோஸ் நகரமான பாக்சே வரலாம். அங்கிருந்து கோயில் தெற்கே சுமார் 40 கிலோமீட்டர். மேற்குக் கரைச் சாலையில் போகச் சொல்லுங்கள்; கிழக்குக் கரையில் போனால் படகில் ஆற்றைக் கடக்க நேரும். மூன்றாம் சாந்திர மாதப் பௌர்ணமியில், பெரும்பாலும் பிப்ரவரியில், திருவிழா. தங்குமிடம் முன்பே பேசிவைக்க வேண்டும். சைவம் உண்பவர்கள் 'கின் ஜே' என்று சொல்லுங்கள். வெறும் காய்கறி என்றால் 'பாடேக்' என்னும் புளித்த மீன்சாறு சேர்ந்தே வரும். ஒட்டும் அரிசிச் சோறும் பழமும் எங்கும் கிடைக்கும்.

நேரமிருந்தால் தெற்கே ஒரு கிலோமீட்டர் தள்ளியுள்ள ஹோங் நாங் சிடா என்னும் பழைய கோயிலுக்கும் போய்வாருங்கள். பெயரின் பொருள் சீதை அம்மையின் அறை. கெமர் தலைநகரான அங்கோர் நோக்கிய பழைய பாதை அவ்வழியேதான் போனது.