ஓடிக்கொண்டிருந்த சர்வரில் ஸ்வாப் கூட்டிய கதை

2 ஜிபி ரேம் உள்ள லினக்ஸ் சர்வர். இரவில் பேக்கப் ஓடும் நேரத்தில் டேட்டாபேஸ் செத்துப்போகும். லினக்ஸின் மையமான கர்னலின் லாக்கைப் பார்த்ததும் காரணம் தெரிந்தது. நினைவகம் தீர்ந்துபோய், அப்போது ஓடும் புரோகிராம் (புராசஸ்) ஒன்றை நிறுத்தி இடம் பிடிக்கும் கர்னலின் ஓஓஎம் கில்லர், டேட்டாபேஸைக் கொன்றிருந்தது. நினைவகத்தை அதிகம் பிடித்து வைத்திருக்கும் புராசஸ்மேல்தான் அது பெரும்பாலும் கைவைக்கும். பேக்கப் தின்றதற்கு டேட்டாபேஸ் பலி.

ரேம் போதாதபோது அதில் உள்ளதைத் தற்காலிகமாக நகர்த்தி வைக்கும் டிஸ்க் இடம்தான் ஸ்வாப். 512 எம்பிக்கு ஒரு ஸ்வாப் பார்ட்டிஷன் (டிஸ்கில் தனியாகப் பிரித்த பகுதி) ஏற்கெனவே இருந்தது. அதைப் பெரிதாக்கப் பார்ட்டிஷன்களைக் கலைக்கத் தேவையில்லை. பழையதைத் தொடாமல், கூடவே ஒரு ஸ்வாப் ஃபைல் சேர்த்தால் கர்னல் இரண்டையும் எடுத்துக்கொள்ளும். ரீபூட்கூட வேண்டாம்.

டிஸ்கில் இடம் இருப்பதை உறுதிசெய்துகொண்டு 2 ஜிபிக்கு ஒரு ஃபைல் உருவாக்கினேன். எதையும் எழுதாமல் இடத்தை மட்டும் ஒதுக்கும் ஃபாலோகேட் கட்டளை கண்மூடித் திறப்பதற்குள் முடித்துவிடும். ஆனால் சில ஃபைல் சிஸ்டங்களில், அப்படி உருவான ஃபைலில் ஓட்டை (டிஸ்கில் இடம் பெறாத பகுதி) இருக்கிறது என்று, ஸ்வாப்பை இயக்கும் ஸ்வாப்ஆன் கட்டளை ஏற்க மறுக்கும். எனவே டிடி கட்டளையில் 1 எம்பி பிளாக்காக 2048 முறை பூஜ்யம் எழுதி நிரப்பினேன். நேரம் பிடித்தாலும் இதுதான் நம்பகமான வழி.

அடுத்து, பெர்மிஷனை 600 ஆக்கினேன், அதாவது ஃபைலின் உரிமையாளர் மட்டும் படிக்கலாம், எழுதலாம். இதை யாரும் விட்டுவிடாதீர்கள். நினைவகத்தில் இருக்கும் பாஸ்வேர்டும் ரகசியச் சாவியும் ஸ்வாப்புக்குள் போய் விழலாம். ரூட் தவிர வேறு யாரும் அந்த ஃபைலைப் படிக்கக் கூடாது. அப்புறம் ஃபைலை ஸ்வாப்பாக வடிவமைக்க எம்கேஸ்வாப், இயக்க ஸ்வாப்ஆன், அவ்வளவுதான். ஃப்ரீ கட்டளை உடனே மொத்த ஸ்வாப் 2.5 ஜிபி என்று காட்டியது.

ரீபூட்டுக்குப் பிறகும் நிலைக்க, பூட் ஆகும்போது எதையெல்லாம் ஏற்ற வேண்டும் என்று சொல்லும் ஃபைலான எஃப்எஸ்டேபில் ஒரு வரி சேர்க்க வேண்டும். அந்த வரி சரியா என்று பார்க்க ரீபூட் செய்யவேண்டியதில்லை. புது ஃபைலை ஸ்வாப்ஆஃப் செய்துவிட்டு, எஃப்எஸ்டேபில் உள்ள எல்லாவற்றையும் ஏற்றச் சொல்லி ஸ்வாப்ஆன் கொடுத்தேன். ஃபைல் திரும்ப வந்து நின்றது. கர்னல் எவ்வளவு தாராளமாக ஸ்வாப்பை நாடும் என்பதைத் தீர்மானிக்கும் ஸ்வாப்பினஸ் இயல்பாக 60 இருக்கும். டேட்டாபேஸ் ரேமிலேயே இருக்கட்டும் என்று 10 ஆகக் குறைத்தேன்.

அன்றிரவு பேக்கப் ஓடும்போது, நினைவக நடமாட்டத்தைக் காட்டும் விஎம்ஸ்டாட்டைத் திறந்துவைத்தேன். எஸ்ஐ (ஸ்வாப்பிலிருந்து ரேமுக்கு வருவது), எஸ்ஓ (ரேமிலிருந்து ஸ்வாப்புக்குப் போவது) என்ற இரண்டு பத்திகளைத்தான் கவனிக்க வேண்டும். இரண்டும் ஓயாமல் ஓடினால் ஸ்வாப் காப்பாற்றாது, ரேமைத்தான் கூட்டியாக வேண்டும். எனக்கு எஸ்ஓ மட்டும் சற்று நேரம் ஏறி, பிறகு பூஜ்யத்துக்கு வந்தது. பேக்கப் முடிந்தது, டேட்டாபேஸ் ஓடிக்கொண்டே இருந்தது.